அச்சில் விழாத வரி

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். மின்சாரம் வரும்போது வரட்டும். யாராவது அந்த ஜன்னலை மட்டும் சாத்திவிடுங்கள்… சரி.

இது எனக்கு நடந்ததில்லை. என் நண்பனின் அக்காவுக்கு நடந்தது. நாங்கள் எல்லாருமே அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவோம். பேய், பிசாசு என்று பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிற ஆள். அவளே ஒருநாள் இதை எங்களிடம் சொன்னாள். சொல்லும்போது குரலில் பயம் இல்லை. எரிச்சல்தான் இருந்தது.

மாலை ஆறேகால் மணி. ஊருக்கு வெளியே, இரண்டு பக்கமும் கிடங்குகளாக நிற்கிற ஒரு சாலை. ஒரு விளக்கு எரிந்தால் அடுத்த மூன்று எரியாது. அக்கா தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு வருகிறாள். பின்சீட்டில் சீட் பெல்ட் போட்டு உட்கார வைத்த மாதிரி ஒரு பெட்டி. உள்ளே இருபது கிலோ லேசர் பிரிண்டர்.

வழியில் வெள்ளைப் புடவை எதுவும் கைகாட்டவில்லை. சிரிக்காதீர்கள். ஒன்றுமே நடக்கவில்லை. நேராக வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

அக்காவுக்கு மொழிபெயர்ப்பு வேலை. நீதிமன்றத்தின் பட்டியலில் அவள் பெயர் இருக்கிறது. வேற்று மொழியில் வருகிற சாட்சி வாக்குமூலம், சான்றிதழ், கடிதம் எல்லாவற்றையும் மொழிபெயர்த்து, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்தும் முத்திரையும் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். வாடகைக்கு எடுத்திருந்த அறையைக் காலி செய்துவிட்டு, வீட்டின் முன்னறையையே அலுவலகமாக்கிக்கொண்டாள். அங்கே இருந்த பழைய மை பிரிண்டர் பத்து நாள் சும்மா இருந்தால் வாய் காய்ந்துவிடும். ஒரு பக்கம் வேண்டுமென்றால் மூன்று முறை தலையைக் கழுவ வேண்டும். பாதி மை கழுவுவதிலேயே போய்விடும்.

அதனால் லேசர். அச்சடிக்க, நகலெடுக்க, ஸ்கேன் செய்ய, எல்லாவற்றுக்கும் ஒரே மெஷின். எதை வாங்குவது என்ற பொறுப்பை அத்தான் எடுத்துக்கொண்டார். அங்கே ஆரம்பித்தது வினை. பதினொரு நாள் ஆராய்ச்சி. கலரா, கறுப்பு மட்டுமா? தாளை அதுவே திருப்பி இரண்டு பக்கமும் அடிக்குமா? மேலே கட்டாக வைத்தால் ஒவ்வொன்றாக இழுத்து ஸ்கேன் செய்யுமா? டோனர் பொடி எத்தனை பக்கம் தாங்கும்? மெஷினோடு வருகிற டோனர் பாதிதான் நிரம்பியிருக்குமாமே? சாப்பாட்டு மேஜையில் அட்டவணை போட்டு விளக்கினார். ஒன்பதாம் நாள் மெஷினைப் பற்றிப் பேசுவதையே அக்கா நிறுத்திவிட்டாள். பன்னிரண்டாம் நாள் அவளே வண்டியை எடுத்துக்கொண்டு விற்பனையாளரின் கிடங்குக்குப் போய், கறுப்பு மட்டும் அடிக்கிற, இரண்டு பக்கமும் அடிக்கிற, மேலே தாள் வாங்கிக்கொள்கிற ஒன்றைக் காட்டி, இதைக் கொடுங்கள் என்று தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

வாங்கியது அரை மணி நேரம். அதை வேலை செய்ய வைக்க மூன்று நாள்.

பெட்டியைப் பிரித்தால் உடம்பெல்லாம் ஆரஞ்சு நிற டேப். பதினெட்டு டேப்பைப் பிய்த்தாள். பத்தொன்பதாவது உள்ளே ஒளிந்திருந்தது. முதல் தாளே அதில் சிக்கி நின்றது. அதை எடுத்தால் வைஃபை. அந்த மெஷினின் திரை விரல் அகலம். பாஸ்வேர்டை ஒவ்வோர் எழுத்தாக, அம்புக்குறிப் பொத்தானை அழுத்தி அழுத்தித் தேட வேண்டும். அத்தான் யாரும் திருடிவிடக் கூடாது என்று இருபத்தாறு எழுத்தில் வைத்திருந்தார். இருபத்தைந்தாவதில் விரல் தவறினால் முதலிலிருந்து. நான்காவது தடவை அக்கா திரும்பிப் பார்த்தாள். அத்தான் மெல்ல எழுந்து துணி மடிக்கப் போய்விட்டார்.

பிறகு ‘ஆஃப்லைன்’. மெஷின் பக்கத்தில் இருக்கிறது, பச்சை விளக்கு எரிகிறது, லேப்டாப் மட்டும் அது ஊரிலேயே இல்லை என்கிறது. அழி, போடு, அணை, திற. மூன்றாம் நாள் சாயங்காலம், யாரும் எதுவும் செய்யாமலே, தானாக ஒரு சோதனைப் பக்கத்தை அடித்துத் தள்ளியது.

அந்தத் தாளை அக்கா கையில் எடுத்தாள். இஸ்திரி போட்ட துணி மாதிரி கதகதப்பு. லேசர் பிரிண்டர் பொடியை உருக்கித்தான் தாளில் ஒட்டும். அதனால் தாள் சூடாகத்தான் வரும். அந்தச் சூடும் லேசாகக் கருகின வாசனையும் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. மூன்று நாள் கோபமும் இறங்கிவிட்டது.

அடுத்த திங்கட்கிழமை நீதிமன்றத்திலிருந்து ஒரு கட்டு வந்தது.

ஒரு குளிர்கிடங்கில் நடந்த சாவு. மீன் பெட்டிகளை அடுக்கி வைக்கிற பெரிய உறைபனி அறை. இரவு வேலைக்குப் போன ஒருவர் உள்ளே மாட்டிக்கொண்டு இறந்துபோயிருந்தார். கட்டுக்குள் நாற்பத்தொரு பக்கம். கொண்டுவந்த குமாஸ்தா, கிடங்கு மேற்பார்வையாளரின் வாக்குமூலம் மூன்று பக்கம் மட்டும் போதும், மற்றது யாரும் கேட்கவில்லை, புதன்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று பக்கம்தானே. செவ்வாய் மதியத்துக்குள் முடித்துவிட்டாள். அச்சுக்குக் கொடுத்தாள். உறுமல்… உள்ளே உருளை சுற்றுகிற சத்தம்… தாள் வந்து விழுந்தது.

இரண்டாம் பக்கத்தில் நடுவே ஒரு வெள்ளைப் பட்டை. ஒரு வாக்கியம் மட்டும் இல்லை. மேலே உள்ளது இருக்கிறது, கீழே உள்ளது இருக்கிறது. நடுவில் இரண்டு வரி அளவுக்குச் சுத்தமான வெள்ளை.

திரையில் பார்த்தாள். வாக்கியம் அங்கே இருந்தது. ‘இரவு பதினொரு மணிக்குள் அவர் இறந்திருக்க வேண்டும், அதன் பிறகு காலை ஆறு மணி வரை அந்தக் கதவு திறக்கப்படவேயில்லை.’

டோனரைக் கழற்றி ஆட்டிப் போட்டாள். அடித்தாள். இல்லை. எழுத்து வடிவத்தை மாற்றினாள். இல்லை. தடித்த எழுத்தாக்கினாள். இல்லை. அந்த வாக்கியத்தை வெட்டி மூன்றாம் பக்கத்தில் ஒட்டினாள். இரண்டாம் பக்கம் ஒழுங்காக வந்தது. மூன்றாம் பக்கத்தில் வெள்ளை. அதே இடத்தில் வேறு எதையாவது அடிப்போம் என்று வீட்டு முகவரியை அடித்தாள். பளிச்சென்று வந்தது. கடைசியில் ஒரு புதுப் பக்கத்தைத் திறந்து அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் போட்டு அடித்தாள்.

வெற்றுத் தாள் வந்தது. அதைக் கையில் எடுத்தபோதுதான் கவனித்தாள். தாள் சில்லென்று இருந்தது. குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த மாதிரி. ஓரங்களில் லேசான ஈரம்.

அப்போது அவளுக்குப் பயமில்லை. வாங்கி ஒரு வாரம் ஆகவில்லை, அதற்குள் இந்த எழவு மெஷின் உயிரை வாங்குகிறதே என்ற ஆத்திரம்தான். விற்பனையாளருக்குப் போன் போட்டுக் கத்தினாள். மெக்கானிக்கை அனுப்பினார்கள். மூச்சுக்கு ஒருதரம் ‘பொறுமையா இருங்க’ என்று சொல்வார் அவர். அதனால் அக்கா அவருக்குப் பொறுமை என்றே பெயர் வைத்துவிட்டாள். வந்ததும் தாளைத் தொட்டுப் பார்த்து, பேப்பர் ஈரம் குடித்திருக்கிறது, அதுதான் காரணம் என்றார். அக்கா புதுக் கட்டைப் பிரித்துக் கொடுத்தாள். வெள்ளை. உள்ளே சுற்றுகிற டிரம்மில்தான் கோளாறு என்று, கையோடு கொண்டுவந்த வேறு டிரம்மை மாட்டினார். வெள்ளை. தன் லேப்டாப்பிலிருந்து, தானே அந்த வாக்கியத்தை ஒரு விரலால் தட்டி அடித்துப் பார்த்தார்.

வெற்றுத் தாள் வந்தது. அதைக் கையில் எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு விரல்களைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

“மேடம்… இந்த ஒரு வரிய விட்டுட்டு அடிச்சுக்குங்களேன்.”

“வரிய விட்டுட்டு அடிக்கறதுக்கு நான் எதுக்குங்க? சாட்சி சொன்னத சொன்னபடி எழுதணும். அதான் என் வேல.”

அவர் பழைய டிரம்மையே திரும்ப மாட்டினார். பையைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். வாசலில் செருப்பு மாட்டும்போதுகூடப் பொறுமையாக இருக்கச் சொல்லவில்லை.

மணி ஐந்து. அக்கா கோப்பை பென்டிரைவில் போட்டுக்கொண்டு தெருமுனை ஜெராக்ஸ் கடைக்குப் போனாள். அங்கே ஒரே அடியில் முழுசாக வந்தது. அந்த வாக்கியமும் கறுப்பாக, திருத்தமாக இருந்தது. வீட்டுக்கு வந்து நகல் எடுக்க அதையே தன் மெஷினில் வைத்தாள். நகலில் அந்த வரி இல்லை. அக்காவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஆற்றாமையில் வருகிற கண்ணீர். திரும்பக் கடைக்கே நடந்து, நகல் எடுத்து வந்து, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தினாள். முடிந்தது சனியன் என்று நாற்காலியில் சாய்ந்தாள்.

மணி ஆறரை இருக்கும். வெளியில் இன்னும் வெளிச்சம் முழுசாகப் போகவில்லை. அத்தான் வேலையிலிருந்து வரவில்லை.

மெஷின் விழித்துக்கொண்டது.

யாரும் தொடவில்லை. மூடிக்கு அடியில் ஒரு வெள்ளைக் கோடு வெளிச்சம் மெதுவாக இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போயிற்று. ஸ்கேன் ஆகிறது. திரும்பி வந்தது. மறுபடி போயிற்று. எட்டுத் தடவை. பிறகு நின்றுவிட்டது. அக்கா மூடியைத் தூக்கிப் பார்த்தாள். கண்ணாடி மேல் ஒன்றுமில்லை.

லேப்டாப்பில் எட்டுப் படங்கள் வந்து உட்கார்ந்திருந்தன.

அந்த மெஷின் ஸ்கேன் செய்கிற படத்துக்குத் தேதியையும் மணியையும் பெயராக வைக்கும். மணிகள் பத்து, பதினொன்று, பன்னிரண்டு, ஒன்று… என்று விடிகாலை ஐந்து வரை. தேதி நான்கு மாதத்துக்கு முந்தையது. மெஷினின் கடிகாரத்தைச் சரியாக வைக்கவில்லை போல, இதிலும் கோளாறா என்று பல்லைக் கடித்துக்கொண்டே முதல் படத்தைத் திறந்தாள்.

சாம்பல் நிறம். நடுவில் தட்டு அகலத்துக்கு ஒரு வெள்ளை மங்கல். அதற்கு இரண்டு பக்கமும் இரண்டு உள்ளங்கை. விரல் ரேகைகூடத் தெரிகிறது. கண்ணாடியில் கையை ஊன்றி, முகத்தைக் கிட்டத்தில் வைத்து மூச்சு விட்டால் எப்படி ஆவி படியும்… அப்படி.

இரண்டாவது படம். மங்கல் கொஞ்சம் சின்னது. மூன்றாவதில் ஒரு கைதான். நான்காவதில் கை நழுவி இறங்கின தடம். ஐந்தாவது, இரண்டு மணி. அதில் மட்டும் மங்கல் திடீரென்று பெரிதாக இருந்தது. இரண்டு கையும் இருந்தன. விரல்கள் அகல விரிந்து, கண்ணாடியோடு நசுங்கி… ஆறாவதில் கை இல்லை. ஏழாவதில் மூச்சு மட்டும், கிண்ணம் அகலத்துக்கு. எட்டாவது, ஐந்து மணி. ஒரு காசு அளவுக்கு ஆவி.

ஒரு காசு அளவுக்கு… ஆனால் இருந்தது.

அக்கா அந்தத் தேதியை மறுபடி பார்த்தாள். மேஜையில் இருந்த வாக்குமூலத்தை இழுத்து முதல் பக்கத்தைப் பார்த்தாள். சாவு நடந்த தேதி. நான்கு மாதத்துக்கு முந்தைய அதே தேதி.

எழுந்து ஓடியிருக்கலாம். மெஷினின் வயரைப் பிடுங்கியிருக்கலாம். அவள் என்ன செய்தாள் தெரியுமா? யாரும் கேட்காத மீதி முப்பத்தெட்டுப் பக்கத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்தாள். உறைபனி அறையின் படம், வருகைப் பதிவு, இயந்திரம் வாங்கிய ரசீது… முப்பத்துமூன்றாம் பக்கத்தில் கட்டம் போட்ட தாளில் ஒரு கோடு ஏறி இறங்கிப் போயிற்று. அறையின் குளிரை அதுவே எழுதிக்கொண்டு போகிற கருவியின் தாள். இரவு முழுக்கக் கோடு நேராக இருந்தது, பூஜ்யத்துக்குக் கீழே எட்டில். இரண்டு மணி பத்து நிமிடத்தில் மட்டும் விருட்டென்று பூஜ்யத்துக்குக் கீழே மூன்று வரைக்கும் ஏறி, மறுபடி இறங்கியிருந்தது. பக்கத்தில் கருவியைப் பார்த்துக்கொள்கிற யாரோ அந்த வேற்று மொழியில் கிறுக்கியிருந்தார்கள். அந்த மொழி தெரியாததால் யாரும் படித்திருக்கவில்லை. அக்கா படித்தாள்.

‘கதவு திறந்து மூடப்பட்டது. நாற்பது விநாடி.’

அத்தான் வந்ததும் எல்லாவற்றையும் காட்டினாள். அவர் எட்டுப் படத்தையும் பார்த்தார். கேட்டது மூன்று பக்கம், மூன்றை மட்டும் கொடுத்துவிடு, நமக்கு எதற்கு ஊர் வம்பு என்று கடைசியில் சொன்னார். அக்கா அவரோடு வாதாடவில்லை. முப்பத்துமூன்றாம் பக்கத்தை, அந்தக் கிறுக்கலோடு சேர்த்து மொழிபெயர்த்தாள். அச்சுக்குக் கொடுத்துவிட்டு, இதுவும் வெள்ளையாக வந்தால் மெஷினைத் தூக்கித் தெருவில் போட்டுவிடுவது என்ற முடிவோடு நின்றாள்.

ஓர் எழுத்து விடாமல் வந்தது. தாள் சூடாக இருந்தது.

புதன்கிழமை பத்து மணிக்குக் குமாஸ்தா வந்தார். எண்ணிப் பார்த்தார். மூன்றுக்கு நான்கு இருந்தது.

“இத யாரும் கேக்கலயேம்மா?”

“கேக்கல. ஆனா கட்டுல இருந்துச்சு. கட்டுல இருக்கறத மொழிபெயர்க்கறதுதான் என் வேல. கையெழுத்துப் போட்டிருக்கேன், வாங்கிக்குங்க.”

அவர் உச்சுக்கொட்டினார். பிறகு நான்கையும் உறையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அந்த எட்டுப் படங்களை அக்கா கொடுக்கவில்லை. என்னவென்று சொல்லிக் கொடுப்பாள்? அவற்றை அழிக்கவும் கை வரவில்லை. இரண்டு நாள் கழித்துத் திறந்து பார்த்தபோது எட்டும் வெறும் சாம்பல் நிறமாக இருந்தன.

வழக்கு ஐந்து மாதம் போயிற்று. அக்கா நேரில் போகவில்லை. குமாஸ்தா வேறு வேலையாக வந்தபோது சொன்னார். நீதிபதி அந்த நான்காவது தாளை எடுத்து வைத்துக்கொண்டு, இரண்டு மணி பத்து நிமிடத்துக்குக் கதவைத் திறந்தது யார் என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம். மேற்பார்வையாளர் முதலில் தெரியாது என்றார். பிறகு தண்ணீர் கேட்டார். பிறகு சொல்லிவிட்டார். சத்தம் கேட்டுத் திறந்தேன், கீழே கிடந்தார், செத்துவிட்டார் என்று நினைத்தேன், என் தலையில் விழுமே என்று பயந்து மூடிவிட்டேன் என்று. தொட்டுப் பார்த்தாயா என்று நீதிபதி கேட்டதற்கு, அவர் தலையைக் குனிந்துகொண்டாராம்.

தீர்ப்பு வந்த வாரத்தில் ஒரு மத்தியானம், இறந்தவரின் மனைவி அக்கா வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். தீர்ப்பையும் தங்கள் மொழியில் மொழிபெயர்த்துத் தர வேண்டும், ஊரில் இருக்கிற மாமனாருக்கு அனுப்ப வேண்டும் என்றார். முப்பத்தைந்து வயது இருக்கும். அதிகம் பேசாதவர். நடந்தது எதையும் அக்கா அவரிடம் சொல்லவில்லை. ஏற்கெனவே அடிபட்ட மனுஷியிடம் போய் பிரிண்டர் கதையையா சொல்வது? இரண்டு நாளில் முடித்துக் கொடுத்தாள். அவர் மறுபடி வந்து, முன்னறையில், மெஷினுக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். அக்கா அவர் கண்ணெதிரிலேயே அச்சடித்தாள். பன்னிரண்டு பக்கம். ஒரு வரி விடவில்லை, ஒரு தாள் சிக்கவில்லை. அந்தம்மா தாள்களை வாங்கி அடுக்கி, மடியில் வைத்து, அந்தச் சூட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

பிறகு எழுந்தார். வருகிறேன் என்று தலையசைத்துவிட்டு வாசலுக்குப் போனார். அக்கா வழியனுப்பப் பின்னாலேயே போனாள். அந்தம்மா கதவைத் திறந்து வெளியே இறங்கினார். கதவை விடவில்லை. பின்னால் இன்னொருவர் வர வேண்டியிருந்தால் எப்படிப் பிடித்துக்கொண்டு நிற்போம்… அப்படிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அக்கா தன்னையறியாமல் ஒதுங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். ஏன் ஒதுங்கினேன் என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. முழங்கையை மட்டும் ஏதோ உரசிக்கொண்டு போயிற்று. ராத்திரி வரைக்கும் அந்த இடம் மரத்துப்போயிருந்தது என்றாள்.

வெளியே மத்தியான வெயில். அந்தம்மா அக்காவைப் பார்க்கவில்லை. அக்காவுக்குக் கொஞ்சம் பக்கத்தில், ஓர் ஆள் உயரத்தில் பார்த்தார். சாதாரணமாக, வீட்டில் தினமும் பேசுகிற குரலில் சொன்னார்.

“பாத்து வாங்க… படி இருக்கு.”

பிறகுதான் கதவைச் சாத்தினார்.